ஒரே கட்சிக்காரன், இரண்டு நீதிமன்றம்

கடவுளின் வேலை வந்ததும் வக்கீல் வேலையைத் தூக்கி எறிந்தவர் லாமார் ஜெப்சன் என்று வில்லோபெண்டில் இன்றும் சொல்கிறார்கள். அவருடைய இறுதிச் சடங்கில்கூட ஒருவர் மேடையேறி அதைச் சொன்னார். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. உண்மைதான் இல்லை. சபைத் தலைவர் ஆன பிறகும் இரண்டு வருடம் அவர் வக்கீலாகவே இருந்தார், அதுவும் ஜோராக இருந்தார். அவருடைய பெயர்ப்பலகையைக் கழற்ற வைத்தது கடவுள் அல்ல. ஹீபர் ஸ்டாட் என்ற மாட்டுப் பண்ணைக்காரன்.

லாமார் ஆட்டுக்காரர் வீட்டுப் பிள்ளை. எங்கள் மோர்மன் கிறிஸ்தவ சபை வழக்கப்படி வாலிபத்தில் ஊழியத்துக்குப் போனார். டென்மார்க்கில் மழையில் சைக்கிள் மிதித்து வீடு வீடாகக் கதவைத் தட்டினார். பாதிக் கதவுகள் முகத்தில் அடித்துச் சாத்தப்பட்டன. சாத்துவதற்குள் நாலு வார்த்தை பேசிவிடும் திறமை அங்கேதான் அவருக்கு வந்தது என்பார்கள். திரும்பி வந்து சட்டம் படித்தார், பியானோ சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த ஆப்டனைக் கட்டிக்கொண்டார், மருந்துக்கடை மாடியில் அலுவலகம் போட்டார். வில்லோபெண்டில் கொலை, கொள்ளை கிடையாது. சபை விலக்கிய காப்பியைக் குடிப்பதே இங்கே பெரிய குற்றம். அவரிடம் வந்ததெல்லாம் வாய்க்கால் தகராறு. யாருடைய முறைத் தண்ணீரை யார் மடை திருப்பிக்கொண்டார்கள் என்பதுதான்.

ஹீபரின் வழக்கு வந்தது அப்படிப்பட்ட நாளில்தான். இருவரும் ஒன்றாக ஆடு மேய்த்தவர்கள். ஒரே கம்பளியில் தூங்கியவர்கள். எங்கள் முன்னோர்கள் இரண்டு மனைவி, மூன்று மனைவி என்று கட்டிக்கொண்டது ஊரறிந்த கதை. சபை அதை நிறுத்திப் பல காலம் ஆகிவிட்டது. நிறுத்தியதை மனதார ஒப்புக்கொள்ளாத சிலர் மட்டும் ரகசியமாக இன்னும் கட்டிக்கொண்டிருந்தார்கள். அரசாங்கம் பிடித்தால் சிறை, சபை பிடித்தால் நீக்கம். ஹீபருக்கு நெட்ரா என்ற மனைவி இருக்க, மேட்டுக்கு அந்தப் பக்கத்து ஊரில் தையல் வேலை செய்துவந்த வெஸ்டா என்ற விதவையையும் மனைவியாக வைத்திருக்கிறான் என்று அரசுத் தரப்பு வழக்குப் போட்டது.

"உட்காரு. ஒண்ணும் சொல்லாதே. நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லு," என்றார் லாமார்.

ஹீபர் உட்காரவில்லை. தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டே நின்றான்.

"நீ இங்க வக்கீலா, சிநேகிதனா?"

"இங்க வக்கீல்."

"அப்ப கேட்டுக்கோ. வெஸ்டா என் பொண்டாட்டிதான். நெட்ரா சம்மதிச்சுத்தான் நடந்தது."

"சொல்லாதேன்னுதானடா சொன்னேன்!"

"உன்கிட்ட மறைச்சா அப்புறம் நான் யார்கிட்டடா சொல்றது?"

லாமார் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். "இந்த அறையில சொன்னது இந்த அறையோட சரி. நான் செத்தாலும் என் வாயிலேர்ந்து வராது. ஆனா கோர்ட்டுல நீ சாட்சிக் கூண்டுல ஏறவே கூடாது. ஏறினா உண்மையைச் சொல்லித் தொலைச்சிடுவே. உன்னை எனக்குத் தெரியாதா?"

விசாரணையில் ஹீபர் ஒரு வார்த்தை பேசவில்லை. விடிகாலையில் வெஸ்டா வீட்டு வாசலில் ஹீபரின் வண்டியைப் பார்த்ததாக ஒருவன் சாட்சி சொன்னான். அந்த வீட்டில் மாடு இருந்ததா என்று லாமார் கேட்டார். இருந்தது என்றான். ஹீபருக்கு என்ன தொழில் என்று கேட்டார். பால் கறப்பது என்றான். தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்திருந்த ஜூரி நடுவர்கள் சிரித்துவிட்டார்கள். சிரித்தவர்கள் தண்டிக்க மாட்டார்கள் என்பது லாமாருக்குத் தெரியும். ஹீபர் விடுதலையாகி, அன்று சாயங்காலமே பால் கறக்கப் போய்விட்டான்.

அடுத்த வருடமே லாமார் சபையின் வட்டாரத் தலைவர் ஆனார். எங்கள் சபையில் இதற்கு யாரும் மனுப் போடுவதில்லை, சம்பளமும் இல்லை. சபையின் தலைமையிடமான சால்ட் லேக்கிலிருந்து பெரியவர் ஒருவர் வருவார், ஆட்களைக் கூப்பிட்டுப் பேசுவார், மறுநாள் ஒரு பெயரைச் சொல்வார். கூட்டம் முழுவதும் வலது கையைத் தூக்கும். நேற்றுவரை மாட்டுக்கு ஊசி போட்டவர் இன்று மேய்ப்பர். பெரியவர் லாமாரின் பெயரைச் சொன்னார். ஏழு ஊர்ச் சபைகள் அவர் கைக்கு வந்தன. வார நாளில் கோர்ட்டு, ஞாயிற்றுக்கிழமை மேடை. பேச்சென்றால் அப்படி ஒரு பேச்சு. அவர் பிரசங்கம் செய்தால் பிள்ளைகள்கூட அழாது. மனிதருக்கு அதில் கொஞ்சம் கர்வமும் இருந்தது. அதை நான் மறைக்கப் போவதில்லை.

பிறகு வெஸ்டாவுக்குக் குழந்தை பிறந்தது.

எந்தச் சாட்சியையும் மடக்கலாம். ஒரு விதவை இடுப்பில் குழந்தையோடு கடைத்தெருவில் நடந்தால் அவளை என்ன கேட்டு மடக்குவது? அரசுத் தரப்பு சோம்பேறித்தனமாக விட்டுவிட்டது. சபை விடவில்லை. முதல் துணைத்தலைவர் ஓரின் லண்ட், தீவன மண்டி வைத்திருந்தவர், நேர்மையான ஆள். அந்த நேர்மையை எல்லார் முகத்திலும் தேய்ப்பதுதான் அவருடைய குறை. சபை விசாரணை நடந்தே ஆகவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். அதில் நீதிபதி நாற்காலி வட்டாரத் தலைவருக்கு, அதாவது லாமாருக்கு.

ஹீபருக்குப் போகக்கூடியது என்னவென்று எங்கள் ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோயிலில் நடக்கும் எங்கள் கல்யாணம் சாவோடு முடிவதில்லை. மறுமையிலும் அவள் அவன் மனைவி, பிள்ளைகள் அவன் பிள்ளைகள். சபையை விட்டு நீக்கினால் அந்த முடிச்சு அவிழ்ந்துவிடும். நெட்ராவும் பெற்ற பிள்ளைகளும் அந்தப் பக்கம், இவன் மட்டும் எங்கோ தனியாக. சிறை இதற்குப் பக்கத்தில்கூட வராது.

விசாரணைக்கு முந்தின வாரம், சமையலறையில் பீச் பழங்களைத் தோலுரித்துப் பாட்டிலில் அடைத்துக்கொண்டிருந்த ஆப்டன் கத்தியைக் கீழே வைத்தார்.

"நீங்க அந்த நாற்காலியில உக்காரக் கூடாது. அவனுக்கு வக்கீலா இருந்தவர் நீங்க."

"நான் எழுந்தா ஓரின் உக்காருவார். உக்காந்த அஞ்சாவது நிமிஷம் ஹீபர் வெளியே. நான் இருந்தா நியாயமா நடக்கும்."

"நீங்க மட்டும்தான் இந்த வட்டாரத்துல நியாயமான ஆளாக்கும்?"

"ஆப்டன், ஆதாரம் இல்லாம யாரையும் நீக்க விடமாட்டேன். அவ்வளவுதான்."

"இப்பவே விலகிடுங்க. எந்தக் கட்சிக்காரன் வந்தாலும் உக்கார மாட்டேன், குத்தம் செஞ்சவனோ செய்யாதவனோன்னு பொதுவாச் சொல்லுங்க. இப்பச் சொன்னா யாருக்கும் ஒண்ணும் விளங்காது. நடுவுல எழுந்தீங்கன்னா ஊருக்கே விளங்கிடும்."

இதைவிடத் தெளிவாக எந்தச் சட்டக் கல்லூரியிலும் சொல்லித்தர மாட்டார்கள். லாமார் கேட்கவில்லை. தன் சாமர்த்தியத்தின் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவை கூடியது. பன்னிரண்டு மூத்தவர்கள், எல்லாரும் உபவாசம். வெறும் வயிற்றோடு நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் சபை நீதிமன்றத்தில் வக்கீல் கிடையாது. பன்னிருவரும் எண் எழுதிய சீட்டு எடுப்பார்கள். இரட்டைப்படை எண் விழுந்தவர்கள் குற்றம் சாட்டப்பட்டவனுக்காக நிற்க வேண்டும், அவனைப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும். ஹீபருக்காகப் பேச வேண்டிய முதல் சீட்டு ஆல்மா தோர்சன் கையில் வந்தது. ஆல்மா என்றால் எங்கள் ஊரில் ஆண் பெயர். கிழவர், தாத்தாவின் நாலாவது மனைவி வழி வந்தவர். அந்தப் பேச்சை எடுத்தாலே எரிந்து விழுவார்.

ஆல்மா சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்கு இவனைப் பிடிக்காது, பிரசிடென்ட். இவன் செய்யறதா சொல்றதும் பிடிக்காது. ஆனா சீட்டு விழுந்துடுச்சு. செய்யறேன்."

செய்தார், முரட்டுத்தனமாக, நன்றாகவே செய்தார். குழந்தைக்கு அப்பன் யாரென்று பார்த்தவர் உண்டா? அந்தப் பெண் சொன்னாளா? நெட்ராவை உள்ளே கூப்பிட்டார்கள். அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, "என் புருஷனைப் பத்தி என்கிட்ட கேக்காதீங்க, அவர்கிட்டயே கேளுங்க," என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். ஹீபரிடம் கேட்டார்கள். அவன் லாமாரைப் பார்த்தான். பிறகு, "நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல," என்றான். மூன்று வருடத்துக்கு முன் மருந்துக்கடை மாடியில் லாமார் போட்ட பூட்டு அது. பாவி மனுஷன் இன்னும் அதைத் திறக்காமல் வைத்திருந்தான்.

"பேசாம இருக்கறது குத்தத்தை ஒத்துக்கறது ஆகாது," என்றார் லாமார். குரல் வழக்கம்போல் உறுதியாக இருந்தது. "வேற ஆதாரம் இருந்தா வையுங்க. இல்லைன்னா இது இங்கேயே முடியும்."

யாரும் எதுவும் வைக்கவில்லை. இரண்டொருவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்கள். முடியப் போகிறது என்று லாமார் நினைத்தார். இன்னும் ஒரு ஜெபம், ஒரு கைதூக்கல், அவ்வளவுதான்.

ஓரின் லண்ட் தொண்டையைக் கனைத்தார்.

"பிரசிடென்ட், நாமெல்லாம் ஏன் இப்படி இருட்டுல தடவிட்டு இருக்கோம்? கவர்மெண்ட் கேசுல நீங்கதானே இவருக்கு வக்கீல்? உங்ககிட்ட இவர் சொல்லாம இருப்பாரா? நீங்களே சொல்லிடுங்க. அந்தப் பொண்ணு இவர் மனைவியா, இல்லையா?"

அவர் குரலில் சூழ்ச்சி எதுவும் இல்லை. அதுதான் கொடுமை. பன்னிரண்டு முகங்களும், அட ஆமாம், இது நமக்குத் தோணாமல் போச்சே என்பதுபோல் ஒரே நேரத்தில் லாமார் பக்கம் திரும்பின. வக்கீலின் ரகசியம் நாட்டுக் கோர்ட்டுக்கு. இங்கே கடவுளின் வீட்டில், சகோதரர்கள் நடுவில், அதெல்லாம் ஏது? எங்கள் ஊரைப்போன்ற ஊரில்தான் ஒருவனுக்கு இப்படி ஒரு கேள்வி வரும். வாதாடியவனே நீதிபதியாக உட்கார்ந்திருப்பதை யாரும் விசித்திரமாக நினைக்கவில்லை. உட்கார்ந்தவரும் நினைக்கவில்லை.

'அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.' வக்கீலின் வாக்கியம் இது. நாக்கு நுனியிலேயே இருந்தது. ஆனால் ஒன்றும் இல்லாத இடத்தில் மறைக்க என்ன இருக்கிறது? அந்த வாக்கியத்தைச் சொன்னால் ஹீபரைக் காட்டிக்கொடுத்த மாதிரிதான். எழுந்து வெளியே போனாலும் அதே. ஆப்டன் கத்தியைக் கீழே வைத்த சத்தம் இப்போது காதில் கேட்டது. மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. 'இல்லை.' அதைச் சொன்னால் ஹீபர் தப்பிப்பான், நெட்ரா தப்பிப்பாள், பிள்ளைகள் தப்பிப்பார்கள். ஜெபம் செய்து திறந்த அவையில், தலைமை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, உபவாச வயிற்றோடு ஒரு பொய். வாழ்நாளில் வாய்க்கு ஒருபோதும் பஞ்சமில்லாத மனிதர், வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். நெற்றியிலிருந்து வியர்வை மூக்கில் இறங்கியது. துடைக்கத் தோன்றவில்லை.

"பிரசிடென்ட்?" என்றார் ஓரின்.

லாமார் மூச்சை இழுத்தார்.

"நிறுத்து, லாமார்," என்றான் ஹீபர்.

அவன் எழுந்து நின்றிருந்தான். அவையில் யாரும் தலைவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஆல்மா கிழவர் அதட்ட வாயெடுத்து, அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டார்.

"அவனைக் கேக்காதீங்க. என்னைக் கேளுங்க. வெஸ்டா என் பொண்டாட்டி. குழந்தை என்னுது. போதுமா?"

ஓரினின் முகமே வெளிறிப்போயிருந்தது. உண்மையைக் கேட்டாரே தவிர, அது இப்படி வந்து நிற்கும் என்று அவரும் எதிர்பார்க்கவில்லை.

ஆல்மாதான் முதலில் பேசினார். சீட்டு இன்னும் கையில் இருந்தது. "அவளை விட்டுடறேன்னு சொல்லுப்பா. இப்பவே சொல்லு. நான் இவங்ககிட்ட உனக்காகக் கெஞ்சறேன்."

"கைக்குழந்தையோட நிக்கறவளை நான் எங்க பிரதர் விடறது?" என்றான் ஹீபர். "விடுன்னு சொல்றீங்களே, உங்க தாத்தா உங்க பாட்டியை விட்டிருந்தா நீங்க இங்க உக்காந்திருப்பீங்களா?"

கிழவர் சீட்டை மேசைமேல் வைத்தார்.

வழக்கப்படி லாமார் பக்கத்து அறைக்குத் தனியாகப் போய் மண்டியிட்டார். மனதில் ஒரு பதில் வரும் என்பது எங்கள் நம்பிக்கை. அவருக்குப் பல தடவை வந்திருக்கிறது. அன்று சுவர்க் கடிகாரம் மட்டும்தான் பேசியது. சபையின் விதி என்ன என்பதற்குப் பதிலே தேவையில்லை, அது எல்லாருக்கும் தெரிந்தது. அவர் கேட்க நினைத்தது வேறு, அந்த நாற்காலியில் தான் உட்கார்ந்தது சரியா என்பது. கேட்கும் தைரியம் இல்லாமல் எழுந்து வந்தார்.

தீர்ப்பை அவரே சொல்ல வேண்டும். சொன்னார். ஹீபர் ஸ்டாட் இன்று முதல் சபையின் உறுப்பினன் அல்ல. ஒப்புக்கொள்கிறவர்கள் கை தூக்கலாம் என்றார். கைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. ஆல்மாவின் கை எழ வெகுநேரம் ஆனது. முடிந்ததும் ஒவ்வொருவராக ஹீபரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள், அதுவும் வழக்கம்தான். லாமாரின் முறை வந்தபோது ஹீபர் கையைக் கொடுத்தான், முகத்தைக் கொடுக்கவில்லை.

மறுநாள் காலை லாமார் ஏணி போட்டு மருந்துக்கடை மாடிப் பலகையைக் கழற்றினார். கையிலிருந்த வழக்குகளைப் பக்கத்து ஊர் வக்கீலிடம் கொடுத்துவிட்டு, அப்பாவின் நிலத்தில் பழமரம் வைத்தார். சபை வேலை பளு தாங்கவில்லை போலிருக்கிறது, எவ்வளவு பெரிய தியாகம் என்று ஊர் வாயைப் பிளந்தது. தலைமையிலிருந்தும் விலக விரும்பி சால்ட் லேக்குக்கு நேரில் போனார். தீர்ப்பு சரியானதுதானே, பிறகு எதற்கு விலகல், போய் வேலையைப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அவருக்கு அதுதான் பெரிய தண்டனையாக அமைந்தது.

"நான் சொன்னேன்ல" என்று ஆப்டன் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஹீபர் ஞாயிறு தவறாமல் வந்தான். நீக்கப்பட்டவன் வந்து உட்காரலாம். பேச முடியாது, ஜெபம் சொல்ல முடியாது, திருவிருந்து அப்பம் எடுக்க முடியாது. கடைசி பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்திருப்பான். அப்பத் தட்டு வரிசையாகக் கைமாறி வரும். அதை வாங்கி, தான் எடுக்காமல், நெட்ராவிடம் நீட்டுவான். அவள் ஒரு துண்டு எடுத்துப் பிள்ளைகளிடம் தள்ளுவாள். மேடையிலிருந்து பார்த்தால் கடைசி பெஞ்சு நன்றாகத் தெரியும். லாமாரின் பிரசங்கங்கள் சுருங்கின. தலைவர் ரொம்பப் பணிவாகிவிட்டார் என்று அதற்கும் மெச்சினார்கள்.

அடுத்த வசந்தத்தில், மரங்களுக்குக் கவாத்து செய்துகொண்டிருந்தபோது வேலிக்கு அந்தப் பக்கம் ஹீபர் வந்து நின்றான். அந்த ஞாயிறுக்குப் பிறகு இருவரும் தனியாகப் பேசியதே இல்லை.

"கோராலிக்கு அடுத்த மாசம் எட்டு வயசு."

லாமார் கத்தரிக்கோலைக் கீழே விட்டார். எட்டு வயதில் ஞானஸ்நானம். பிள்ளையைத் தண்ணீரில் இறக்குவது அப்பன். எங்கள் ஊரில் எந்தத் தகப்பனும் அந்த நாளை விட்டுக்கொடுக்க மாட்டான்.

"பெரிய பொண்ணுங்க ரெண்டு பேரையும் நான்தான் இறக்கினேன்," என்றான் ஹீபர். "இவளை இறக்க என்னால முடியாது. ஓரின் செய்யறேன்னு சொல்லிவிட்டார். வேண்டாம்னுட்டேன். நீ செய்."

"நானா? ஹீபர், நான்..."

"நீதான். என் கையைக் கட்டினது நீ. அப்ப என் வேலையை யார் செய்யறது?"

லாமாருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மாதக் கணக்காக நெஞ்சை அறுத்துக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டார். "அன்னிக்கு ஏன்டா எழுந்தே? நான் சமாளிச்சிருப்பேன்."

"என்ன சமாளிச்சிருப்பே? 'இல்லை'ன்னு சொல்லியிருப்பே. உன் வாயைப் பாத்துட்டேதானே இருந்தேன்." ஹீபர் வேலிக் கம்பியை அழுத்திப் பிடித்தான். "அந்தப் பொய்யை வெச்சுக்கிட்டு நான் நெட்ரா பக்கத்துல உக்காந்து அப்பம் திங்கணுமா? நீ எனக்கு நல்லது செய்யறேன்னு வந்து உக்காந்தியே, அன்னிக்கே என் கதை முடிஞ்சுது. ஓரின் உக்காந்திருந்தா அவரை நான் எதிர்த்து நின்னிருப்பேன். உன்னை எப்படிடா எதிர்க்கறது?"

"எந்த நாள்னு சொல்லு," என்றார் லாமார்.

ஞானஸ்நானத் தொட்டி சபைக்கூடத்தின் அடித்தளத்தில் இருந்தது. லாமார் வெள்ளை உடையில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றார். கோராலி பல் கிடுகிடுக்க இறங்கி வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். சாட்சிகளாக ஓரினும் ஆல்மாவும் இரண்டு பக்கமும் குனிந்து பார்த்தார்கள். ஒரு முடி, ஒரு விரல் தண்ணீருக்கு மேல் தெரிந்தாலும் மறுபடி செய்ய வேண்டும். ஹீபர் சட்டையோடு கரையில் நின்றான், கையில் துண்டு.

லாமார் வலது கையை உயர்த்திப் பிள்ளையின் முழுப் பெயரைச் சொன்னார். ஸ்டாட் என்று வந்ததும் குரல் உடைந்தது. அவளைப் பின்னால் சாய்த்து முக்கினார். கால் பெருவிரல் மேலே வந்துவிட்டது. ஆல்மா தலையை ஆட்டினார்.

"மறுபடியுமா?" என்றாள் கோராலி, மூக்கில் தண்ணீர் வடிய.

"மறுபடியும், கண்ணு. மன்னிச்சுக்கோ," என்றார் லாமார். அந்த மன்னிப்பைக் கரையைப் பார்த்துத்தான் கேட்டார்.

இரண்டாம் தடவை முழுதாக முங்கினாள். எழுந்ததும் படியேறி ஓடி அப்பன் மேல் விழுந்தாள். அவன் சட்டையெல்லாம் நனைந்து ஒட்டிக்கொண்டது. துண்டால் அவளைச் சுற்றி நெட்ராவிடம் அனுப்பினான். ஓரினும் ஆல்மாவும் அவர்கள் பின்னால் போனார்கள். லாமார் தண்ணீரிலேயே நின்றார். ஹீபர் தொட்டியின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்தான்.

"வெஸ்டாவோட பையனுக்கும் ஒரு நாள் எட்டு வயசாகும்," என்றான். "அவனையும் நீதான் இறக்கணும்."

அப்படிப் பிறந்த பிள்ளையை இறக்க சால்ட் லேக் லேசில் அனுமதிக்காது. விதி லாமாருக்கு மனப்பாடம். நிறைவேற்ற முடியாத வாக்கை அவர் எந்தக் கட்சிக்காரனுக்கும் கொடுத்ததில்லை. இதைத் தன்னால் முடிக்க முடியுமா என்றும் அவருக்குத் தெரியவில்லை.

"இறக்கறேன்," என்றார்.